இருபதுக்குப் பத்தொன்பது

ஆங்கிலத்தில் நீளமான வாக்கியத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தலைமை வாக்கியம் எது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சார்பு வாக்கியம் எது என்று பிரித்துவிட்டால் போதும். கரங்கான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக நான் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி, பெயர் கதிரவேலு. சனிக்கிழமை மாலைகளில் ஆபீஸ் பின்னறையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு இதைத்தான் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அவர்களில் தேவகிதான் கெட்டிக்காரி. ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். அம்மா நவமணி தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பவள். கேட்பதை முதலில் எழுது, காரணத்தைப் பிறகு எழுது என்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள். நான் மாற்றினேன். 'பிகாஸ்', 'ஆல்தோ' என்று முன்னால் காரணத்தை வை. கேட்க வேண்டியதைக் கடைசியில் கேள் என்பேன். அதை அப்படியே பிடித்துக்கொண்டது அவள் ஒருத்திதான்.

ஜூன் மாதம் தொழிலாளர் இலாகாவிலிருந்து ஒரு கடித நகல் வந்தது. பெயரில்லாத புகார். கையுறை, முகமூடி தராமல் மருந்து அடிக்க விடுகிறார்கள், ஒரு பெண்ணுக்கு நகம் கழன்று விழுகிறது, மூச்சு வாங்குகிறது என்று ஆங்கிலத்தில் ஆறே வாக்கியம். மேனேஜர் விக்னேஸ்வரன் அதை என் மேசையில் போட்டார்.

"கிராணி, இது யாரு வேலைலா? படிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

இரண்டாம் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. ஆறும் காரணத்தில் தொடங்கி, கேட்க வேண்டியதில் முடிந்தன. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நான் கொடுத்த இங்கிலீசை வைத்து, நான் உட்கார்ந்திருக்கும் ஆபீசுக்கு எதிராகவே எழுதியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை அவளைத் தனியாகக் கேட்டேன். "என்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"காட்டினா அனுப்ப விட்டிருப்பீங்களா, சார்?" என்றாள். பிறகுதான் குரல் இறங்கியது. "மேனேஜருக்குத் தெரிஞ்சா அம்மாவ தோட்டத்து மேட்டுல இருக்கற மலைக்காட்டுக்குத் தள்ளிருவாரு. இப்பவே அம்மாவுக்கு மூச்சு விட முடியல. சொல்லிடாதீங்க, சார்."

திங்கட்கிழமை கடிதத்தை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்தேன். நவமணியை மலைக்காட்டுக்குத் தனியாக மருந்து அடிக்க அனுப்பியது அவர், நான் இல்லை. அங்கே போன பதினேழாம் நாள் அவள் இறந்ததற்கு நுரையீரல்தான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள். நான் யார் பெயரையும் வாயால் சொல்லவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டர்.

கடிதத்தைத் திருத்தினேன், அவ்வளவுதான். திருத்தாமல் எந்தப் பிள்ளையின் தாளையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. சிவப்புப் பேனாவில் இருபதுக்குப் பத்தொன்பது போட்டேன். பிழை ஒன்றுகூட இல்லை, அதில் எனக்குப் பெருமைதான். தாளின் மேலே பெயர் எழுதாமல் விட்டதற்குத்தான் ஒரு புள்ளி குறைத்தேன். அந்த இடத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்: தேவகி, நவமணியின் மகள்.