ஊமைச்செடிப் பாட்டு

எனக்கு இடுப்பு வலி உண்டு, ஐயா. நாற்காலியைச் சன்னல் பக்கம் போட்டுக்கொள்கிறேன். தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து என்னை விசாரிக்க மலையேறி வந்திருக்கிறீர்கள். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் லோமா க்ளாராவில் வேலிக்கு வேலி அரளி, வாசலுக்கு வாசல் ஊமைச்செடி. பச்சை இலையில் பால் தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளி. பார்க்க அத்தனை லட்சணம். கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுவிடும். அழகாக இருப்பதால் யாரும் பிடுங்குவதில்லை. பிள்ளைகளுக்குத்தான் சொல்லித்தர வேண்டும். என் பாலர் பள்ளியில் பதினாறு வருடமாக அதைத்தான் செய்தேன்.

பாட்டாகவே சொல்லித்தந்தேன். பிள்ளைகள் இடுப்பில் கைவைத்துக் குதித்துக்கொண்டு, "தொட்டா கையக் கழுவு, தின்னா ஊமை நீ" என்று கூரை அதிரக் கத்துவார்கள். திருவிழா ஊர்வலத்தில் அரளிப்பூ வேஷம் கட்டி ஆடினார்கள். ஒரு வாண்டு, பாதிரியார் தட்டிலிருந்த கொத்தமல்லித் தழையைத் தட்டிவிட்டு, "சாமி, தெரியாத இலையத் திங்கப்படாது" என்றது. அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு நகரசபை என் வகுப்பை நிறுத்தியது. உறுப்பினர் எவரிஸ்தோ நல்ல மனிதர்தான். வாழைக்காய் மசியலை மென்றுகொண்டே சொன்னார்: "எவெலியா டீச்சர், இத்தன வருசத்துல ஒரு புள்ளைக்காவது ஏதாச்சும் ஆச்சா? ஆகாத ஆபத்துக்கு எதுக்கு வகுப்பு? அந்த நேரத்துல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுங்க."

ஒன்றும் ஆகாததற்குக் காரணமே அந்த வகுப்புதான் என்றேன். "அதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். நியாயமான கேள்வி. வீடு திரும்பும்போதே எனக்கு வழி தோன்றிவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன் போலிருக்கிறது, ரொட்டிக் கடைக்காரர், "என்ன டீச்சர், இந்த வயசுல காதலா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு குழந்தை, அந்த இலையில் ஒரே ஒரு சின்னக் கடி. இரண்டு நாள் பேச்சு வராது, அவ்வளவுதான். நான் அவசரப்படவில்லை. இளைப்பு உள்ளவர்களை விலக்கினேன். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளைகளை விலக்கினேன். கடைசியில் அனேலி மிஞ்சினாள். நாலரை வயது, நோய்நொடி அறியாதவள், வாய் ஓயாதவள். அவள் அம்மா நெரெய்தாவே ஒரு தடவை, "இவ ரெண்டு நாள் வாய மூடினா நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துவேன் டீச்சர்" என்று சொல்லியிருந்தாள். அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, இடைவேளையில் செய்தேன். வாய் எரிச்சலை ஆற்றப் பால் ஐஸ் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். கல்யாணப் பெண்ணுக்குப்போல உள்ளங்கை வியர்த்தது.

வீக்கம் நாக்கோடு நிற்காமல் தொண்டைக்கு இறங்கிவிட்டது. மருத்துவமனைக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரம். பாதி வழியில் மூச்சு நின்றது. நெரெய்தா அந்த வண்டியில் என் கையைத்தான் பற்றிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அடக்கம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை நகரசபை கூடியது. என் வகுப்பு திரும்பி வந்தது. எனக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் நாற்பத்தொரு பள்ளிகளுக்கும். எவரிஸ்தோ எழுந்து நின்று அழுதார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடையோடு மேடையிலேயே பாட்டை எடுத்துவிட்டேன். சபை முழுக்கக் கூடவே பாடியது, ஐயா.

நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள், பாடம் அவ்வளவு நன்றாக நடந்திருந்தால் அந்தக் குழந்தை ஏன் தின்றது என்று. வேறு எதைக் கேட்டிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். பாடத்துக்கு இழுக்கு வரக் கூடாது, அதனால்தான் சொல்கிறேன்.

அனேலிக்குத் தெரியும். இலையை நீட்டியதுமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "டீச்சர், இது ஊமைச்செடி. திங்கப்படாது" என்றாள். பாட்டு முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் பாடிக்காட்டினாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மடியில் இழுத்து வைத்து முத்தம் கொடுத்தேன். பிறகு, "டீச்சர் குடுத்தா ஒண்ணும் ஆகாதுடா தங்கம், ஆ காட்டு" என்றேன்.

காட்டினாள். என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள்.