ஆயுத பூசைக்கு அணைத்த பெட்டி

தளவாய்புரத்தில் வேலை இல்லை என்றார்கள். நடந்தே ராஜபாளையம் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் ஒரு பெண். பேண்டேஜ் கம்பெனியில் டைப் அடித்தவள், ஃபைலை அழித்துவிட்டாள் என்று முந்தின நாள்தான் வேலை போயிருந்தது. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்காரர் பக்கத்தில் நின்றார்.

“ஃபைல் நான் அழிச்சுப் போச்சா, நீங்க பொட்டு வச்சுப் போச்சா? சொல்லுங்கண்ணே.”

“கத்தாத தாயி. ஆயுத பூசைக்கு, ஃபைலெல்லாம் சேருற வெளி ஹார்ட்டிஸ்க் பெட்டிய அணைச்சுப் பொட்டு வச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்.”

“எம்புட்டு நாளு?”

“நாலு நாளு.”

“அந்த நாலு நாளு நான் அடிச்சதுதான காணோம்!”

அவர் சற்று யோசித்தார்.

“நம்ம கம்ப்யூட்டர் ஓடுறது லினக்ஸ்ல. அதுல டிஸ்க் இல்லைன்னாலும் அந்த ஃபோல்டர் திறக்கும். நீ அடிச்சது கம்ப்யூட்டருக்குள்ளயே விழுந்திருக்கும். பொறவு டிஸ்க்க மாட்டவும், அது மேல மூடிருச்சு. டிஸ்க்கக் கழட்டுனா நீ அடிச்சது அடியில தெரியும்.”

“முதலாளிகிட்ட என்னையக் குத்தம் சொன்ன வாயாலயே இதையும் சொல்லுங்க.”

“நாளைக்குச் சொல்லுதேன்.”

“கண்டக்டரண்ணே, விசில் அடிங்க. சார் இறங்குதாவ!”

இருவரும் இறங்கி, கம்பெனிக்குத் திரும்ப எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியிலேயே போய் வேலை கேட்டேன். பஞ்சு மூட்டை சுமக்க எடுத்துக்கொண்டார்கள். முதல் மூட்டையோடு ஆபீஸைக் கடந்தபோது, அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.