ஓர வரிசை ஆணிகள்

மரத்தளம் என்றால் பாரம் தாங்காமல் இறங்கிவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள் சார். பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. என் மனைவி கலைமதி கேட்பாள். அதுதான் அவள் வேலை.

ஒரகடத்தில் மரக்கட்டடம் செய்யும் கம்பெனியில் அவள் டிசைன் இன்ஜினியர், நான் சூப்பர்வைசர். காற்றோ நில அதிர்வோ தள்ளும்போது தளத்தின் பலகைகள் ஒரே தகடாக நின்று அந்த விசையைச் சுவர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். சுவரோரம் அடிக்கும் ஆணிகள்தான் அதைக் கைமாற்றுகின்றன. சாப்பிடும்போது அப்பளத்தை வைத்து எனக்கு இதை விளக்கியவள் அவள்.

புனேயில் அவளுக்கு வேலை கிடைத்தது.

"ஒரு வருஷந்தாங்க. அப்புறம் நீங்களும் வந்துடுங்க."

மண்ணூரில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். நான் சண்டை போடவில்லை. அவள் வடிவமைத்த தளத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் சோதனை வரவிருந்தது; அதில் தோற்றால் அந்த வேலை தானாகக் கைநழுவிவிடும்.

சோதனைக்கு முந்தின நாள், எல்லாரும் கேன்டீனுக்குப் போயிருந்தபோது, ஓரத்து ஆணிகளைப் பிடுங்கினேன். துளைகளில் மரத்தூளும் பசையும் அடைத்தேன். அளவுக் கருவி பார்க்கும் யாக்கோபு வந்துவிட்டான்.

"இன்னா சார், ஆணிய புடுங்கிகினு கீறீங்க?"

"வேற அடிக்கணும்."

"எங்கையில நல்ல கொறடு கீது சார்" என்று எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் அவன் தளத்துக்கு அடியில் நின்று கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு ஆணி அடித்துவிட்டேன் என்று நம்பியிருப்பான். தளத்தைத் தள்ளும் ஜாக்கின் சுவிட்ச் என் கையில். வெளியே வா என்று கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தளம் சுவரை விட்டு நகர்ந்தது. உத்தரங்கள் ஒவ்வொன்றாக நழுவி அவன்மேல் விழுந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அவன் உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து கலைமதி சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"கணக்கு கரெக்டாத்தான் வருதுங்க. அப்போ நான் எங்க தப்பு பண்ணேன்?"

"இன்னொரு வாட்டி பாரு" என்பேன். டீ போட்டுக் கொடுப்பேன். அவளைத் தனியே விட மனசு வராமல், வெளிக்கதவைப் பூட்டிவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவேன். புனேக்கு வரவில்லை என்று அவளே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.

தப்பு தன்னுடையதுதான் என்று உங்களிடமும் சொல்லிவிட்டாளாம். இன்று காலை அவளைக் கூட்டிப்போக உங்கள் ஸ்டேஷன் ஜீப் வந்தது. அதனால்தான் வந்தேன்.

ஆணியைப் பிடுங்கியது நான். யாக்கோபு அடியில் நிற்பது தெரிந்தே ஜாக்கை அழுத்தியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம் சார், தாங்க மாட்டாள். எங்கேயும் அனுப்பாதீர்கள். நான் திரும்பி வரும்வரை வீட்டிலேயே இருக்கட்டும்.