குடிக்காமல் வைத்த கோப்பை: பொறியாளர் மஹாத் பின் பகீத் அவர்களுக்கு

காற்றுக்குக் கடிவாளம் பூட்டிய கரங்களுக்கு உரியவரே! கடலோரப் பாலையில் காற்றாலைக் கோபுரங்களைக் காடாக வளர்த்த எங்கள் தலைமைப் பொறியாளரே! சுடுசொல்லையும் சுட்ட மீனையும் எங்களுக்குச் சமமாகப் பங்கிட்ட, ஸைஃபின் தந்தையாகிய அபூ ஸைஃப் அவர்களே! உங்கள்மீது அமைதி நிலவுக.

ஓமானின் இந்தத் தென்கரையில் கோடை முழுதும் கடலிலிருந்து வீசும் காற்று படகுகளைக் கரையில் முடக்கும், கூடாரங்களைப் பிய்த்தெறியும், வசவைத் தவிர வேறொன்றும் அது எங்களிடம் வாங்கியதில்லை. அந்தக் காற்றை ஊருக்கெல்லாம் வெளிச்சமாக்கலாம் என்று நீங்கள் வந்து சொன்னபோது, வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தோம். நீங்களோ மணலில் புதைந்த லாரியை எங்களோடு தோள்கொடுத்துத் தள்ளினீர்கள். தலைக்கவசத்தின் வாரை இறுக்காதவனை அவன் தந்தையின் பெயர் சொல்லித் திட்டினீர்கள். எங்களில் ஒருவர்கூட உயரத்திலிருந்து விழாததற்கு அந்தத் திட்டுதான் காரணம்.

ஆனாலும் ஐயா, உங்கள் பெரும்புகழ் ஒரு மறதியில் பிறந்தது! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வாசித்து, சட்டம் போட்டு மாட்டப்போகும் இம்மடலில் அது இடம்பெற்றே தீரவேண்டும்.

கடலோரக் கோபுர வரிசை எழுந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த வரிசைக்கு வேண்டிய மேட்டுநிலமோ ஒட்டகம் மேய்க்கும் சுவைலிம் அவர்களின் மேய்ச்சல் நிலம். அங்குள்ள பள்ளத்தில்தான் அவருடைய சினை ஒட்டகங்கள் காற்றுக்கு ஒதுங்கிக் கன்று ஈனும். எத்தனை பேர் போய்க் கேட்டும் அவர் மறுத்தார். அந்த நிலம் கிடைக்காவிட்டால் திட்டத்தையே கைவிடுவதாகத் தலைமையகம் சொல்லிவிட்டது.

அவர் மகனின் திருமணத்துக்கு வாழ்த்துச் சொல்ல மட்டுமே நாம் போனோம். கஹ்வா என்னும் எங்கள் காப்பிக் கோப்பை உங்கள் கைக்கு வந்த நொடியில் தொலைபேசி அலறியது. காற்று ஏறுகிறது, கிரேனில் இறக்கை தொங்குகிறது என்றார்கள். கீழே இறக்கச் சொல்லும் அவசரத்தில், வாய் வைக்காத கோப்பையைத் தரையில் வைத்துவிட்டீர்கள். விருந்தாளி குடிக்காமல் கோப்பையை வைத்தால் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறார் என்று பொருள், அதை மறுப்பது வீட்டாருக்கு மானக்கேடு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் மறந்துபோயிற்று!

கூடாரத்தில் இருந்த எல்லாரும் அந்தக் கோப்பையைப் பார்த்தார்கள். சுவைலிம் முகம் வெளிறியது. "குடிங்க, அபூ ஸைஃப்," என்றார். "நீங்க கேட்டு வந்தது உங்களுக்குத்தான்."

உடன் வந்த நாங்கள் உள்ளுக்குள் துள்ளினோம். நிலம் கைக்கு வந்துவிட்டது, நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் போதும். நீங்கள் திறந்தீர்கள்.

"நான் கேக்கறது நிலம் இல்ல. நாளைக்கு என்கூட நடந்து வாங்க. எந்த எடத்துல கோபுரம் நிக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் குடித்தீர்கள். அன்றைக்கு உங்கள்மீது எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் இருவரும் வாதிட்டுக்கொண்டே நடந்தீர்கள். பள்ளம் தப்பியது, வரிசை வளைந்தது, வரைபடத்தை முதலிலிருந்து வரைந்து எங்கள் இடுப்பு ஒடிந்தது. ஆனால் செய்தி பரவியதும், அதுவரை கதவடைத்த மேய்ப்பர்கள் தாங்களே வந்து, தங்கள் நிலத்திலும் நடந்து பார்க்க உங்களைக் கூப்பிட்டார்கள். இன்று அந்த மேடு முழுதும் இறக்கைகள் சுழல்கின்றன. பள்ளத்தில் இந்தக் குளிர்காலத்துக் கன்றுகள் பால் குடிக்கின்றன. அந்த வளைவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'மஹாத்தின் மறதி'.

இனி நீங்கள் வாழப்போகும் ஸொஹாரின் பேரீச்சந்தோப்பு உங்களுக்கு நிழல் தரட்டும்! முழங்கால் வலி தீரட்டும்! பேரப்பிள்ளைகளைத் திட்டவும் கொஞ்சவும் குரல் வற்றாமல் பல்லாண்டு வாழுங்கள்!

ஐயா, சற்றே நிமிர்ந்து பாருங்கள். எங்கள் ஒவ்வொருவர் முன்னும் கோப்பை தரையில் இருக்கிறது. வலப்பக்கம் அமர்ந்திருக்கும் சுவைலிம் அவர்களின் கோப்பையும்தான். யாரும் வாய் வைக்கவில்லை. அடுத்த வரிசைக்கு இடம் குறிக்கும்போது நீங்கள் வந்து எங்களோடு நடக்க வேண்டும்.

கஹ்வா ஆறுகிறது. குடிக்கச் சொல்லுங்கள்.

இவண்,
பதிலுக்குக் காத்திருக்கும்
ராஸ் ஹுமைர் காற்றாலை நிலையப் பணியாளர்கள்