கோணல் பின்னல்

“அந்தப் பின்னல் அம்மா போட்டதில்லை, கேட்டேளா,” என்றாள் முன் இருக்கை மாமி.

கரமனையிலிருந்து தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ். பக்கத்தில் அவள் கணவர். நேற்று மியூசியத்தில் பார்த்த படத்தைப் பற்றித்தான் பேச்சு. போன நூற்றாண்டில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பென்சிலால் வரைந்தது. மாட்டுவண்டியில் ஊர்விட்டு ஊர் போகும் இரண்டு சிறுமிகள்.

“வண்டின்னா வாழ்க்கை. சின்னவளோட கோணல் பின்னல், வரப்போற கஷ்டம். ஆர்ட்டிஸ்ட் அப்படித்தான் காட்டுவான்,” என்றார் அவர்.

“கஷ்டமுமில்லை, ஒண்ணுமில்லை. அக்கா பின்னிவிட்டிருக்கா. சின்னக் கை, பிடி நிக்கலை. அம்மா இருந்தா வகிடு அப்படிப் போகுமா?”

“பெரியவ தலை நன்னாத்தானே இருந்தது?”

“எங்கே? வெறுமனே முடிஞ்சுண்டிருக்கா. அவளுக்கு யார் பின்னுவா?”

“சாரமில்லை, விட்டுத்தள்ளு. அது வெறும் படம்டீ.”

“என் தங்கை செத்துப்போய், அவ பெத்த ரெண்டும் இப்போ ரயில்லே வந்துண்டிருக்கே, அதுவும் படமா? பெரியவ நமக்கு, சின்னவ நாகர்கோவில் அத்தைக்குன்னு பிரிச்சது நீங்கதானே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பானூரில் இறங்கும்போது கேட்டார்.

“சீப்பு கொண்டுவந்திருக்கியோ?”

“இருக்கு.”

“முதல்லே பெரியவளுக்குப் பின்னிவிடு. சின்னவளும் நம்மோடயே இருக்கட்டும், நாகர்கோவில்லே நான் சொல்லிக்கறேன்.”