முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

சார், கொஞ்சம் நில்லுங்க. நீங்க வேகமா இறங்குறீங்க, எனக்கு இந்த மரப்படி ஆகாது. நான்தான் சார். அந்த அட்டை என்னோடது. கட்டடச் சாய்வு முப்பத்தெட்டு மில்லிமீட்டர்னு எழுதிப் போட்டது நான்தான்.

மேலயே சொல்லியிருக்கலாம்தான். இது யாரோடதுன்னு ரெண்டு தடவை கேட்டீங்க. கை தூக்கணும்னுதான் பாத்தேன், வரல. ஒம்பது மாசமா ரெண்டாவது சனிக்கிழமை தவறாம வர்றேன், ஒரு நாளும் வாயைத் திறந்ததில்ல. கடைசி மேஜையில சுவத்தோரமா, உப்புப் போட்ட லைம் சோடா வச்சுக்கிட்டு. பாத்திருக்க மாட்டீங்க. பாத்திருக்கீங்களா? சரி.

பேரு மாரியப்பன். கப்பல் கட்டுற யார்டுல முப்பத்தாறு வருஷம், வெட்டுறதுக்கு முன்னால தகட்டுல அளந்து கோடு போட்டுக் குடுக்கிற வேலை. படிப்பு ஏழாங்கிளாஸ். நீங்க கட்டட இன்ஜினியர், அதுவும் தமிழ்னு கூட்டம் நடத்துற சஹானாம்மா சொன்னாங்க, அதான் பின்னாடியே வந்தேன். சாமான் வாங்க, பஸ்ஸுல சண்டை போட எனக்கு பெங்காலி போதும். இதைச் சொல்லப் போதாது.

கூட்டத்துக்கு யாரும் கூட்டிட்டு வரல சார். பவானிபூர் மெட்ரோ வாசல்ல ஒட்டியிருந்தாங்க. ஆத்துத் தண்ணி, காத்து, மரம், எதைப் பத்தியும் பேசலாம், பீரோ டீயோ அவங்கவங்க இஷ்டம், யாரையும் படிப்புக் கேக்க மாட்டோம்னு. அந்தக் கடைசி வரிக்காகத்தான் வந்தேன். வந்தா இந்த அட்டை. கிளாசுக்கு அடியில வைக்கிற வட்ட அட்டையில, அந்த மாசம் நாமளே அளந்த நம்பர் ஒண்ணு எழுதணும். பேர் எழுதக்கூடாது. எனக்குன்னே ஏற்பாடு பண்ணின மாதிரி இருந்துச்சு. முதல் மாசம், எங்க ரோட்டுல வெட்டின மரம் பதினேழு. அடுத்த மாசம், ஒரு மணி நேரத்துல கரும்புகை விட்டுட்டுப் போன லாரி நாப்பத்திரெண்டு. அதுக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, காலையிலயா சாயங்காலமான்னு. காலையில சார், ஏழுலேர்ந்து எட்டு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.

இன்னிக்கு எல்லாரும் சிரிச்சதுல எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. ரெண்டாவது பீருக்கு அப்புறம் எல்லாக் கட்டடமும் சாயத்தான் செய்யும்னு முன் மேஜைக்காரரு சொன்னப்போ நானும் சிரிச்சேன். நீங்க மட்டும் கிளாஸைக் கீழ வச்சுட்டு அட்டையைக் கையில வாங்கினீங்க. இத்தனை நாளும் பயந்தேன், ஆனா அது ஒண்ணும் தெரியாதவன் பயம். தெரிஞ்சவர் முகத்துலயே அதைப் பாத்தா வேற இல்லையா.

யாருக்கு சார் போன்? ஓ, வண்டிக்கா. கட்டடம் கார்டன் ரீச்லதான், அதையே போடுங்க. எத்தனை நிமிஷம்? பதினொண்ணா.

எப்படி அளந்தேனா? தூக்குக் குண்டுதான். மாடிப்படி சுத்தி இறங்குற நடு இடைவெளியில, மேல்தளத்துலேர்ந்து கீழ வரைக்கும் நூலு. பன்னெண்டு மீட்டர் இருபது சென்டி. ஆடாம இருக்கக் குண்டை பக்கெட் தண்ணிக்குள்ள விட்டிருக்கேன். மேல சுவத்துக்கும் நூலுக்கும் நூறு மில்லி. கீழயும் நூறு இருக்கணும். ஒம்பது வாரம் முன்னாடி பாத்தப்போ நூத்தி இருபத்தொண்ணு. தினமும் காலையில அஞ்சரைக்கு, பம்பு போடுறதுக்கு முன்னாடி, மூணு தடவை அளப்பேன். மூணும் ஒண்ணா வந்தாத்தான் எழுதுவேன். கீழ்வீட்டு பாப்பி பாத்துட்டு, தாத்தா, பக்கெட்ல என்ன மீன் சிக்குச்சுன்னு கேட்டான். ஆமாம்ப்பா, பெரிய மீனுன்னேன். அந்தக் கட்டடத்தைக் கட்டின ப்ரோமோட்டரோட ஆளு அவன். அவன்கிட்ட வேற என்ன சொல்ல.

முதல் ஆறு வாரமும் சேத்து மூணே மில்லிதான் சார் கூடுச்சு. ஏழாவது வாரம் மூணு. எட்டாவது வாரம் நாலு. இந்த வாரம் ஏழு.

எழுதிக்கிறீங்களா சார், எழுதிக்குங்க.

விரிசல் இருக்கு. படிக்கட்டு சுவத்துல, கோணலா. அதுலயும் பென்சில் கோடு போட்டு வச்சேன், போன மாசம் யாரோ பூசி வெள்ளையடிச்சுட்டாங்க. மூணாவது தளத்துல லக்ஷ்மிம்மா வீட்டுக் குளியலறைக் கதவு துர்கா பூஜையிலேர்ந்து சாத்த வரல. ஆசாரியைக் கூப்பிட்டு அடியில இழைச்சாங்க. திரும்பவும் சாத்த வரல. சாயறது தெக்குப் பக்கம். அங்க புதுசா அஸ்திவாரம் தோண்டுறாங்க, தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, ரெண்டு பம்பு வச்சு இறைக்கிறாங்க.

எங்க கட்டடம் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சா? சும்மா இடம்தான் சார். தாழ்வான இடம்.

ஆளா? கீழ்த்தளத்தையும் சேத்து அஞ்சு தளம், தளத்துக்கு மூணு வீடு. அறுபத்தொரு பேர். இல்ல, அறுபத்திரெண்டு. புதன்கிழமை ரெண்டாவது தளத்துக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தை வந்துச்சு. பொண்ணு.

நானா? நாலாவது தளம். ஆமா சார், நானும் அதுலதான் இருக்கேன். பின்ன யார் வீட்டுப் படியில நான் நூலு கட்ட முடியும். என் வீட்டுக்காரி வசந்தி இப்போ வீட்டுலதான் இருக்கா.

இப்பவே அவளுக்குப் போன் போடணுமா? வண்டி வந்தப்புறம் போற வழியில... சரி சார். போடுறேன்.

சொல்லிட்டேன். உலையில அரிசி போட்டிருக்காளாம், வடிச்சுட்டு வரட்டுமான்னு கேட்டா. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே வா, வரும்போது ஒவ்வொரு கதவாத் தட்டு, முதல்ல குழந்தை வீடுன்னேன். யார் சொன்னாங்கன்னு கேப்பாங்களேன்னா. இன்ஜினியர் சொன்னார்னு சொல்லச் சொன்னேன். உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன், தப்பில்லையே. அவளைக் கட்டி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் மறுகேள்வி கேக்காம அவ போனை வச்சது இதுதான் முதல் தடவை.

பாப்பி தடுப்பான் சார். கீழ் வாசல்ல நிப்பான். வீட்டு மதிப்பைக் கெடுக்கப் பாக்குறாங்கன்னு கத்துவான், நாலு பேர் திரும்பி மேல ஏறிருவாங்க. கார்ப்பரேஷன்லேர்ந்து யாராவது வந்து சொன்னாத்தான் இறங்குவாங்க. உங்களுக்கு அங்க ஆள் தெரியுமா? போடுங்க சார், போடுங்க. நான் தள்ளி நின்னுக்கிறேன்.

வண்டி நாலு நிமிஷம்னு காட்டுது சார். நீங்க பேசுங்க.

என்ன கேக்குறாரு? வார்டு நம்பரா, நீங்க சொன்னது சரிதான். அப்புறம்? முன்னாடி என்ன இருந்துச்சுங்கிற அதே கேள்வியா. கம்ப்யூட்டர்ல பாக்குறாரா. என்ன வருது? தாழ்நிலம்னு வருதா. அப்படித்தான் வரும். சாதாரண சாய்வுதான், திங்கக்கிழமை ஆள் அனுப்புறேங்கிறாரா?

திங்கக்கிழமைன்னா இன்னும் ரெண்டு நாள். தினத்துக்கு ஒண்ணுன்னு வச்சாலும் நாப்பது ஆயிரும். அதுவும் தினத்துக்கு ஒண்ணாவே இருந்தா.

சார், போனை வைக்காதீங்க. குளம்னு சொல்லுங்க.

ஆமா, குளம். பெரிய குளம். வடக்குக் கரையில படித்துறை, பதினோரு படி. சித்திரையிலகூட ஏழு படி தண்ணிக்குள்ள இருக்கும். நடு ஆழம் பதினாலு அடி, மூங்கில் விட்டு நானே பாத்திருக்கேன். லாரி லாரியா இடிச்ச செங்கல் கொட்டுனாங்க, எழுநூத்திப் பதிமூணு லோடு. நான் பாத்து எண்ணினது அவ்வளவுதான், நான் இல்லாதப்போ கொட்டினது தெரியாது. அதுக்கு மேலதான் சார் நாங்க நிக்கிறோம்.

ரெக்கார்டு எப்படி மாறுச்சுன்னு கேக்குறாரா. அக்கம்பக்கத்து ஆளுங்க எழுதிக் குடுத்த காகிதம் ஒண்ணு ஃபைல்ல இருக்கும். இந்த இடத்துல எந்தக் காலத்துலயும் குளம் இருந்ததில்லைன்னு. ஒம்பது கையெழுத்து. குளத்தை ஒட்டின ஓட்டு வீட்டுக்காரங்க ஒம்பது பேருக்கும் கட்டடத்துல ஆளுக்கொரு வீடுன்னு பேச்சு. எட்டுப் பேர் தயங்கினாங்க சார். மாரியப்பன் அண்ணன் போட்டாத்தான் போடுவோம், அவர் எதையும் எண்ணிப் பாக்காம எழுத மாட்டாருன்னாங்க.

பேனாவை முதல்ல என்கிட்டதான் குடுத்தாங்க. அவரை ஃபைலை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, தேட வேண்டியிருக்காது. எட்டு பெங்காலிக் கையெழுத்துக்கு மேல தமிழ்ல ஒண்ணு இருக்கும்.