பின்னால் போன கர்சர்

திருவாரூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அச்சகக்கார அம்மாவும் அவரிடம் டைப் அடிக்கும் பெண்ணும்.

“கர்சர் நாத்து நடுற ஆளு மாதிரி பின்னாலயே போனா எப்படிக்கா வேகமா அடிக்கிறது?”

“ஃபார்சி வலதுலேர்ந்துதான ஆரம்பிக்கும்? அதுக்குத்தான எடிட்டர்ல செட்டிங் மாத்துனோம்.”

“மெனுவும் சேந்து புரண்டுடுச்சு. ஃபைல் இருந்த மூலையில மூடுற பட்டன். சேவ் பண்ணப் போயி மூடிட்டேன். அப்புறம் மெனுவ பழையபடி மாத்திட்டு, எழுத்த மட்டும் வலதுலேர்ந்து வர வச்சேன்.”

“அப்பாடா. ஈரான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற கல்யாணப் பத்திரிகையாச்சே.”

அம்மா பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் பெருமையாகப் பிரித்தார்.

“அக்கா, அவங்க அட்டையையும் வலதுலேர்ந்துதான பிரிப்பாங்க? நாம நம்ம பக்கமா மடிச்சுட்டோமே!”

அம்மா அட்டையைத் திருப்பினார். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“பேசாம வா. எதுத்தாப்ல நின்னு நீட்டுவோம். நம்ம இடது அவங்களுக்கு வலதுதான?”